ஊமைக் கீபோர்டு

எங்கள் அடுக்ககத்துக்குப் 'பூங்குயில்' என்று பெயர் வைத்த புண்ணியவானை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும். குயில் என்ன, குக்கர் விசில்கூட இங்கே பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எல்லாம் அமைதிச் சுவர்.

இரைச்சல் கூடாது என்று சட்டம் வந்த பிறகு கட்டிய கட்டடம் இது. ஒவ்வொரு வீட்டிலும் வாசல் நிலைக்கு மேலே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். வீட்டுக்குள் எழுகிற சத்தத்தை அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் எதிரான இன்னொரு சத்தத்தை உண்டாக்கிச் சுவருக்குள் அனுப்பும். இரண்டும் மோதி ஒன்றுமில்லாமல் போகும். வீடு விற்க வந்த பையன் இப்படித்தான் விளக்கினான். "உங்க வீட்டுச் சத்தம் உங்க வீட்டோட, அடுத்த வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டோட, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, ஏதோ எனக்கு அட்டிகை வாங்கிக் கொடுத்த மாதிரி சிரித்தான்.

நான் பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் பிரமிளா. ஊராருக்கெல்லாம் கல்யாணம் நடத்தி வைத்ததோடு சரி, நான் செய்துகொள்ளவில்லை. முன்பு இருந்த அயனாவரம் லைன் வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீட்டு மாமியார் பெருமூச்சு விட்டால் மருமகள் என்ன சமைத்தாள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். இதை வம்பு என்பவர்கள் உண்டு. நான் அக்கறை என்பேன். பூங்குயிலுக்கு வந்த பிறகு என் அக்கறைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மேல் வீட்டு ஷகிலா பானு பிள்ளை பெற்று வந்திருப்பதை, மொட்டை மாடியில் காய்ந்த தூளித் துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு இது அவமானமா இல்லையா?

டி.வி.யை அணைத்துவிட்டால் என் வீட்டில் கேட்பது என் செருப்புச் சத்தம் மட்டும்தான். சில நாள் வேண்டுமென்றே ஒரு தாம்பாளத்தைக் கீழே போடுவேன். எவராவது வந்து "என்னக்கா விழுந்துச்சு?" என்று கேட்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. யாரும் வந்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைச் சுவர் பாடியது.

கத்தியை அப்படியே வைத்துவிட்டேன். புல்லாங்குழல். நிஜப் புல்லாங்குழல் இல்லை. கச்சேரி மேடையில் கீபோர்டில் வாசிப்பார்களே, மூச்சு வாங்காத புல்லாங்குழல், அது. என் அம்மா காலத்துச் சினிமாப் பாட்டு. பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது, மறுபடியும் பல்லவி. அதோடு அந்தப் பாட்டு முடிந்து வேறொன்று தொடங்கியது. காதைச் சுவரில் வைத்தேன். கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அடுப்பில் வைத்திருந்த எண்ணெய் புகைந்த பிறகுதான் நினைவு வந்தது.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் சுண்டலை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"ஷகிலா, நேத்து சாயங்காலம் சுவத்துல ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லியேக்கா." சொல்லும்போதே அவள் கண் சுவர்ப் பக்கம் போய் வந்தது.

"பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும்மா. உனக்கு அது இல்ல."

சிரித்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள். "பொறந்ததுலேருந்து இவன் ஒழுங்காத் தூங்கினதே இல்ல. நேத்து அது கேட்டதும் அப்படியே சொக்கிப் போய்ட்டான். யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்தா கம்பெனிக்காரன் வந்து அடைச்சிட்டுப் போயிடுவான்."

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்கிறாள். பாவம், புதிதாகக் குடிவந்தவள்.

அடுத்து செயலாளர் கனகசபை வீடு. மாடிப்படியில் துணி உலர்த்தக் கூடாது, லிஃப்டில் மீன் கொண்டுபோகக் கூடாது என்று தாள் ஒட்டுகிற மனிதர். அவரிடம் சுவர் கசிகிறது என்று சொன்னால் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கவனத்துக்கு வந்தது மேடம். கசிவு கசிவுதானே? கம்ப்ளெயின்ட் எழுதி வெச்சிருக்கேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"நெட் சரியில்ல" என்றார். எங்கள் கட்டடத்தில் நெட் போனதாகச் சரித்திரமே கிடையாது.

ஆக எல்லோருக்கும் கேட்கிறது. எல்லோரும் கமுக்கமாக இருக்கிறார்கள். வாசிப்பது யார் என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. நடையில் நின்று கேட்டால் ஒன்றும் கேட்காது. அவரவர் வீட்டுக்குள், அவரவர் சுவரில்தான் கேட்கும். சரி, அதற்குத்தானே நான் இருக்கிறேன்.

தரைத்தளத்தில் மூலை வீட்டில் தேவவரம் என்று ஒருவர், எழுபதைத் தொடுகிற வயது, தனிக்கட்டை. யாரோடும் பேச மாட்டார். பேசினாலும் "ஆங்?" என்று காதை முன்னால் நீட்டுவார். பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருப் பக்கமிருந்து அவர் சாக்குப் பையில் என்னவோ தூக்கிக்கொண்டு வருவதை இரண்டு மூன்று தடவை பார்த்திருந்தேன். ஒரு சாயங்காலம் என் சுவர் பாடத் தொடங்கியதுமே ஃபிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. மணியை அழுத்தினால் உள்ளே விளக்குத்தான் மினுக்கும் போல, அவர் திரும்பவில்லை. நானே உள்ளே போனேன். என் வழக்கம்தான், புதிதில்லை.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய கீபோர்டு, குடல் சரிந்து கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து கம்பிகள் கிளம்பிப் பக்கத்தில் இருந்த பச்சைப் பலகைகளுக்கும், ஒரு பழைய கம்ப்யூட்டர் டப்பாவுக்கும், அதற்குக் காற்றடிக்கும் சின்ன விசிறிக்கும் போயின. அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஓடின, இடது கால் தாளம் போட்டது, தோள் குலுங்கியது. கட்டைகளில் விரல் படும் டக் டக் சத்தம் வந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

நான் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மேலே என் சமையலறையில் இந்த நேரம் குழல் குழைந்துகொண்டிருக்கும். இங்கே, வாசிக்கிறவர் அறையில், விசிறிதான் சுற்றுகிறது.

அவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா சிஸ்டர்?" என்பதுதான்.

"இல்ல சார்" என்றேன், உரக்க.

அந்த அறையில் அந்த நேரத்தில் நான் சொன்னது சத்தியமான உண்மை. அவ்வளவு சுத்தமான உண்மையை நான் அதற்கு முன் சொன்னதாக நினைவில்லை.

"அப்பாடா" என்றார். "அப்போ என் காது இல்ல. பெட்டிதான்."

காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். வடசென்னையில் அவர் ஏறாத மேடை இல்லையாம். என் மண்டபத்திலும் வாசித்திருப்பார். கீபோர்டுக்காரர் முகத்தை அங்கே யார் பார்த்தார்கள்? எல்லோரும் பாடுகிற பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

"இதோட மூளை எரிஞ்சு போச்சு சிஸ்டர். செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல, சிப்புக்கு எங்க போறது? அதான் பழைய கம்ப்யூட்டருங்களைப் பிரிச்சு ஒட்டுப் போட்டிருக்கேன். மெமரி ஒண்ணுலேருந்து, பவர் சப்ளை இன்னொண்ணுலேருந்து. சத்தம் போடறதுக்கு மட்டும் ஒண்ணும் அமையல. அப்புறம் இது கிடைச்சுது." ஒரு சின்னப் பலகையைத் தொட்டுக் காட்டினார். "நம்ம வாசலுக்கு மேல இருக்குதே அமைதிப் பெட்டி, அதுக்குள்ள இருக்கிற போர்டு. எங்கயோ இடிச்ச கட்டடத்துது, பழைய சாமான் கடையில கிடந்துச்சு. நாள் பூரா சத்தத்தைச் சத்தத்தால அடிக்கிற போர்டாச்சே, அதைப் பாட வெக்க முடியாதான்னு பாத்தேன்."

"அப்புறம் ஏன் பாடல?"

"அதான் தெரியல. ரெண்டு வயர் வருது. ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. கலர் வெளுத்துப் போச்சு. ஜெபம் பண்ணிட்டு ஒரு குத்துமதிப்பாப் போட்டேன். லைட்டெல்லாம் எரியுது பாருங்க, அப்போ சரியாத்தான் போட்டிருக்கணும். ஸ்பீக்கர்தான் கோளாறு. இது மூணாவது ஸ்பீக்கர்."

"வயரை மாத்திப் போட்டுப் பாக்கறது?"

"அய்யோ! தப்பாப் போச்சுன்னா புகைஞ்சிடும். வேற போர்டு கிடைக்காது சிஸ்டர்."

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவரின் பிறவிக் குணத்தைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. உள்ளே எழுகிற சத்தத்தை அடக்கு, வெளியே விடாதே என்பது அந்தப் பலகையின் பிறவிக் குணம். கம்பி மாறிப் போனதில் அதற்கு உள் எது, வெளி எது என்று புரண்டுவிட்டது. எங்கள் வீட்டு அமைதிப் பெட்டிகளெல்லாம் அதற்குச் சொந்தபந்தம். அவற்றிடம் பாட்டைக் கொடுத்துவிட்டு, இவர் அறையில் மட்டும் அடக்கிவிடுகிறது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"காது மாசா மாசம் இறங்கிட்டே வருது. ஆவணியில ஆபரேஷன். உள்ள ஒரு மிஷின் வெப்பாங்களாம். பேச்சு நல்லாக் கேக்குமாம். 'பாட்டு?'ன்னு கேட்டேன். டாக்டர் பொண்ணு நல்ல பொண்ணு, பொய் சொல்லல. 'தகரத்துல கல்லு கொட்டுற மாதிரி இருக்கும் அங்கிள், பழகிடும்'னுச்சு. ஒரு தடவை தள்ளிப் போட்டாச்சு. இனிமே தள்ளினா நரம்பே செத்துடுமாம்."

"பழைய ரெக்கார்டு எதுவும் இல்லியா சார்?"

"கல்யாணத்துல வாசிக்கிறவனை யாரு ரெக்கார்டு பண்ணுவாங்க? மாப்பிள்ளை பொண்ணைத்தான் எடுப்பாங்க. இந்த ஃப்ளூட் டோன் கடையில வந்தது இல்ல சிஸ்டர். கச்சேரி இல்லாத மழைக்காலத்துல நானே உக்காந்து செதுக்கினது. இந்தக் கீபோர்டுக்குள்ள, எரியாமத் தப்பின சிப்புல மட்டும்தான் இருக்குது. ஆபரேஷனுக்கு முன்னால ஒரே ஒரு தடவை, என் சொந்தக் காதுல அதைக் கேட்டுடணும். அவ்ளோதான்."

நான் எழுந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கம்பியை மாற்றுவார், அவருக்குக் கேட்கும், என் சுவர் வாயை மூடிக்கொள்ளும். 'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவரிடம்தான் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் நாலு பேர் நின்று பேச முடிகிற இடம் லிஃப்ட் வாசல் ஒன்றுதான். கனகசபை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒளி வரவழைத்துவிட்டார்.

"நாம யாரும் அவர்கிட்ட பொய் சொல்லல. கேட்டா சொல்லப் போறோம். அவர் கேக்கல."

"என்னைக் கேட்டாரே" என்றேன்.

"உங்களுக்குக் கேட்டுச்சான்னு கேட்டாரு. அங்க கேக்கல. நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க மேடம்."

ஷகிலா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "பாவம்க்கா அவரு" என்றாள். பிள்ளை அவள் தோளில் நெளிந்தது. "இந்த வாரம் மட்டும் போகட்டுமே. இவனுக்குப் பல்லு முளைக்குது" என்று அவளே முடித்தாள். லிஃப்ட் வந்தது. எல்லோருக்கும் ஏதோ அவசர வேலை இருந்தது.

அந்த வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. பல் ஒன்றா இரண்டா, முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

நான் தினமும் காப்பியோடு போனேன். அவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம். "விசிட்டர்னு இந்த வீட்டுக்கு வர்றது நீங்கதான் சிஸ்டர்" என்பார். எனக்கும் போக ஒரு வீடு கிடைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. மேடைக் கச்சேரியில் ஒரு பழக்கம் உண்டு. கீழே இருக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பூங்குயிலில் அந்தச் சீட்டு நான்தான்.

"சார், அந்த ஓடம் போற பாட்டு இருக்கே, அதை வச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்." அது கனகசபையின் விருப்பம். "மெதுவா ஒரு தாலாட்டு வாசிச்சாத்தான் எந்தக் கட்டை அடிபட்டிருக்குன்னு தெரியும், இல்லியா சார்?" அது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

"கரெக்ட் சிஸ்டர், உங்களுக்கு டெக்னிக்கல் மூளை" என்று அவரும் வாசிப்பார். ஊமைக் கட்டைகளை முழு மனசோடு தட்டுவார். நான் எதிரே உட்கார்ந்து டக் டக்கைக் கேட்டுவிட்டு, "இன்னும் வரல சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வருவேன்.

ஒரே ஒரு குறைதான் எல்லோருக்கும். எந்தப் பாட்டானாலும் ஒரு சரணத்தோடு நிறுத்திவிடுகிறார். ஆறாம் மாடி வக்கீல் அம்மாவுக்கு இதனால் ரத்தக் கொதிப்பே ஏறிவிட்டதாம். பக்குவமாகக் கேட்டேன்.

"ரெண்டாவது சரணமா?" அவர் சிரித்தார். "அதுக்குள்ள பந்திக்கு எலை போட்டுடுவாங்களே. கல்யாண வீட்டுல எவன் ரெண்டாவது சரணம் கேட்டிருக்கான்? 'அடுத்த பாட்டுக்குப் போங்க மாஸ்டர்'னு கையைக் காட்டுவாங்க. விரல் அங்க வந்தா தானா நின்னுடுது." கட்டைகளைத் தடவினார். "பேஸ் கிட்டார் பாபு மட்டும் விட மாட்டான். ரிகர்சல்ல முழுசா வாசிக்கணும்பான். ஒரு கட்டை தப்பினாப் போதும், திரும்பி ஒரு முறை முறைப்பான் பாருங்க! அவன் போய்ட்டான். இப்போ தப்பா வாசிச்சாலும் முறைக்க ஆளில்ல."

"எனக்காக ஒரு தடவை முழுசா வாசிங்க சார். நான் மேல போய் அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன்."

அடுப்பு எரியவேயில்லை. ஓடிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அன்று அவர் இரண்டாவது சரணத்தையும் வாசித்தார். அதில் ஒரு இடம். குழல் மேலே ஏறப்போகிற மாதிரி வந்து, ஏறாமல், கொஞ்சம் தாழ்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும். மற்றப் பாட்டுகளிலும் அந்த மாதிரி ஒரு இடம் வரும். நாங்கள் அதைக் 'கிள்ளுற இடம்' என்போம். லிஃப்டில் ஏறினாலே அதைப் பற்றித்தான் பேச்சு. "நேத்து அந்தக் கிள்ளுற இடம் கேட்டீங்களா மேடம்?" என்று கனகசபை கண் கலங்கக் கேட்டார். தாள் ஒட்டுகிற மனிதருக்குள் அப்படி ஒரு ஆள் இருப்பது அவர் சம்சாரத்துக்கே தெரிந்திருக்காது. பல வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், ஒரே நேரத்தில் அவரவர் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். எங்களுக்கெல்லாம் துணை கிடைத்தது. அது கிடைக்காதவர் வாசித்தவர் ஒருவர்தான்.

ஆவணி பிறந்தது. அட்மிஷன் நாளும் வந்தது. அன்று காலை நான் போனபோது அவர் கையில் ஸ்குரூடிரைவர்.

"தோத்துட்டேன் சிஸ்டர். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். போர்டைக் கழட்டிக் கடையிலேயே போட்டுடறேன். எதுக்கு சும்மா கரன்ட்டைக் குடிச்சிக்கிட்டு?"

முதல் ஆணியைத் திருகிவிட்டார். இப்போது சொன்னால் அவருக்குக் கேட்கும். சொல்லாவிட்டால் இனி யாருக்குமே கேட்காது. புண்ணியம் செய்ய இதைவிடச் சௌகரியமான நேரம் எனக்குக் கிடைக்காது.

"சார், அதைக் கழட்டாதீங்க. அது பாடுது."

"ஆங்?"

அவர் காதருகே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓடம் போகிற பாட்டு யார் விருப்பம், தாலாட்டு யாருக்கு, அடுப்பை அணைக்கப் போனது எதற்கு, எல்லாம்.

அவர் ஸ்குரூடிரைவரை மேஜையில் வைத்தார். அது உருண்டு போய் விழப் பார்த்ததைப் பிடித்து மறுபடி வைத்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் சார்."

"எப்போலேருந்து?"

"ஆனியிலேருந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்த இரண்டு கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள... வெளிய..." என்று முணுமுணுத்தார். பிறகு இரண்டையும் பிடுங்கி மாற்றிச் சொருகினார். புகை வரவில்லை. ஒரு கட்டையை அழுத்தினார்.

அறை முழுக்கக் குழல்.

சுவர் வழியாக வடிகட்டிக் கேட்டது வேறு, இது வேறு. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அவர் விரலை எடுக்கவில்லை. குனிந்து, காதை ஸ்பீக்கரின் மேல் வைத்து, அந்த ஒரே சுரத்தை ரொம்ப நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டு போனார். நடுவில் ஒன்றில் நின்றார். மறுபடி அழுத்தினார். முகம் மாறியது.

"இது அரைக்கட்டை இறங்கியிருக்கே!"

"என்ன சார்?"

"இந்தக் கட்டை. தப்பா ஒலிக்குது. ஒட்டுப் போட்டப்ப ஆகியிருக்கணும். எனக்குத்தான் சத்தமே வரலியே, எப்படித் தெரியும்? எந்தப் பாட்டு வாசிச்சாலும் இந்தக் கட்டை வருமே சிஸ்டர். ரெண்டாவது சரணத்துல மேல ஏறுற இடமே இதுதான். இவ்ளோ நாளா இதையா எல்லாரும் கேட்டீங்க?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்."

"நல்லா இருந்துச்சா!" அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்தது அப்போது மட்டும்தான். "ஒருத்தருமா சொல்லல? அத்தனை பேர் முன்னால தப்புத் தப்பா வாசிச்சிருக்கேன். பாபு இருந்திருந்தா முதல் நாளே கதவை ஒடச்சிட்டு வந்து சொல்லியிருப்பான்."

ஈயம் பற்றவைக்கிற கோலை மின்சாரத்தில் மாட்டினார். என்னைப் பார்க்காமலே, "நீங்க போங்க சிஸ்டர்" என்றார். "எனக்கு சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்."

கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

மேலே வந்தால் சுவர் வெறும் சுவர். லிஃப்ட் வாசலில் கூடிவிட்டார்கள். "என்ன ஆச்சு? என்ன வாசிக்கிறார்?" என்று ஆளுக்கு ஆள் என் முகத்தைப் பார்த்தார்கள். கீழே அவர் வீட்டுப் பின்பக்கம் போய் ஜன்னல் திரை இடுக்கில் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன மகானா? புகை எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு அவர் வாசித்தார். தோள் குலுங்கியது, கால் தாளம் போட்டது. கண்ணாடி ஜன்னலுக்கும் அமைதி வேலை செய்திருந்தார்கள், ஒரு சொட்டும் கசியவில்லை. விரலைப் பார்த்துப் பாட்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு தடவை நிறுத்திப் பக்கத்தில் யாரோ இருப்பது போலத் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி வாசித்தார்.

"என்ன பாட்டுக்கா?" என்றாள் ஷகிலா.

"தெரியலம்மா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் பையோடு வெளியே வந்தார். நடையில் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்து, மேடையை விட்டு இறங்குகிறவர் போல லேசாகக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புரட்டாசியில் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையோடு திரும்பி வந்தார். கத்திப் பேச வேண்டிய அவசியமே இல்லை. "உங்க குரல் இவ்ளோ சன்னமா சிஸ்டர்!" என்று ஆச்சரியப்பட்டார். அதைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

"பாட்டு சார்?"

"தகரம்" என்றார். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். கட்டை ஏறுதா இறங்குதான்னே தெரியல. டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குது." பிறகு, நாளைக்குப் பால் பாக்கெட் வாங்கி வைக்கிறேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்: "வயரைப் பழையபடி மாத்திட்டேன். எனக்கு இனிமே உள்ள கேட்டா என்ன, வெளிய கேட்டா என்ன? நீங்க எல்லாரும் தப்பாக் கேட்டதுதான் என் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குது. அந்தக் கட்டையைச் சரி பண்ணிட்டேன். சாயங்காலம் வாசிக்கிறேன், சரியாக் கேளுங்க."

அன்று மாடிகளிலெல்லாம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றோம். சரியாக வாசித்தார். முழுப் பாட்டு, இரண்டு சரணமும். அந்த இடம் வந்தது. குழல் தாழவில்லை. மேலே ஏறி, எங்கே போக வேண்டுமோ அங்கே போய் நின்றது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

மறுபடி லிஃப்ட் வாசலில் கூடினோம்.

"ஏதோ குறையுதே மேடம்" என்றார் கனகசபை.

"சரியா வாசிக்கிறார் சார்."

"அதான்."

ஷகிலா பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "தூங்கவே மாட்டேங்கறான்க்கா. அந்த எடம் வந்ததும் கண்ணைத் தொறந்து பாக்கறான். எங்கன்னு தேடறான்."

"சொல்லிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். அந்த மனிதரிடம் போய், நீங்கள் கடைசி நாள் உட்கார்ந்து திருத்தினீர்களே, அது எங்களுக்கு வேண்டாம், தப்பையே கொடுங்கள் என்று யார் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லிஃப்டின் பொத்தானைப் பார்த்தேன்.

மறுநாள் காப்பியோடு போனேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இப்போ எப்படி இருக்குது சிஸ்டர்? சரியா இருக்குதா?"

"இப்பத்தான் சார் சரியா இருக்கு."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வாசிக்கிறார். நாங்களும் கேட்கிறோம். சரியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் கடைக்குப் போகலாம் என்று லிஃப்டில் ஏறினேன். உள்ளே ஷகிலா, தோளில் வீறிட்டு அழுகிற பிள்ளை. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே அந்தப் பாட்டை மெல்ல ராகமிழுத்தாள். முதல் மாடியில் கதவு திறந்தது. தேவவரம் சார் ஏறினார். கனகசபை வீட்டுக்கு வந்திருப்பார் போல. அவள் சட்டென்று நிறுத்தினாள். பிள்ளை மறுபடி வீறிட்டது. "பாடும்மா, பாடு, எனக்காக நிறுத்தாதே" என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இரண்டாவது சரணத்தை எடுத்தாள். மேலே ஏறுகிற இடம் வந்ததும், ஏறாமல், கொஞ்சம் தாழ்ந்தாள். பிள்ளை விசும்பி அடங்கி, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அவர் வில்லை வைத்த காதை அந்தப் பக்கம் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்.

"நம்ம பாட்டா சிஸ்டர்?"

"ஆமா சார்."

"எப்படிப் பாடறா? சரியா வருதா?"

"நீங்க வாசிச்ச மாதிரியே பாடறா சார்" என்றேன்.

அவருக்கு ரொம்ப சந்தோஷம். தரைத்தளம் வரைக்கும் விரலால் லிஃப்டின் கைப்பிடிக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.